மூளையும் ஒரு சுரப்பி: பேர்ட்டா ஷாரரின் வாழ்வு



இலக்கியத் தொடரிலே ஒரு விஞ்ஞானிக்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் கேட்கக்கூடும். வாழ்க்கை வரலாறும் இலக்கியத்தின் ஒரு துறைதான். அந்த வகையில், அதிகம் பேசப்படாத ஒரு பெண்மணியின் கதையை இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அவர் பெயர் பேர்ட்டா ஷாரர்.

நமது உடம்பிலே செய்தி கொண்டு செல்ல இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று நரம்பு, அது தந்தியைப் போல நொடியிலே சேதி சொல்லும். மற்றையது ஓமோன், சுரப்பிகளிலிருந்து இரத்தத்தோடு கலந்து, தபாலைப் போல ஆறுதலாகப் போய்ச் சேரும். இவை இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு இலாகாக்கள் என்றே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அறிஞர்கள் பலர் நம்பினார்கள். அந்தச் சுவரை இடித்தவர்களுள் முதன்மையானவர் பேர்ட்டா.

1906 ஆம் ஆண்டு டிசம்பர் முதலாந் திகதி ஜேர்மனியின் மியூனிச் நகரிலே அவர் பிறந்தார். தேனீக்களின் நடன மொழியை உலகுக்கு விளக்கிய கார்ல் வொன் பிரிஷ் அவர்களிடம் கற்று, 1930 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதே ஆசானிடம் பயின்ற ஏர்ன்ஸ்ட் ஷாரரை 1934 இல் மணந்தார். ஏர்ன்ஸ்ட் 1928 இலேயே ஒரு சிறு மீனின் மூளையில் விசித்திரமான நரம்புக் கலங்களைக் கண்டிருந்தார். அவை சுரப்பிக் கலங்களைப் போலத் துளித்துளியாக ஏதோ ஒரு பொருளைத் தாங்கி நின்றன. அப்படியானால் நரம்பே ஓமோனைச் சுரக்கிறதா? பெரியவர்கள் பலர் ஏற்க மறுத்தார்கள். அது செத்த கலத்தின் சிதைவு என்றார்கள்; பதப்படுத்தும்போது நேர்ந்த மாற்றம் என்றார்கள்.

கணவனும் மனைவியும் விலங்குலகையே இரண்டாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். முதுகெலும்புள்ளவை கணவருக்கு, முதுகெலும்பில்லாதவை மனைவிக்கு. கடல் நத்தை, கடற்புழு, பூச்சி என ஒவ்வொன்றாக ஆராய்ந்த பேர்ட்டா, எங்கும் அத்தகைய கலங்களைக் கண்டார்.

அவ்வேளையில் ஜேர்மனியில் ஹிட்லரின் ஆட்சி. இவர்கள் யூதர்கள் அல்லர். ஏர்ன்ஸ்ட் பிராங்பேர்ட் நகரில் ஓர் ஆய்வு நிறுவனத்தின் தலைவராகவும் இருந்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். அந்த ஆட்சியின் கீழ் வாழ மனமின்றி, 1937 இல் எல்லாவற்றையும் விட்டு அமெரிக்கா சென்றார்கள்.

அங்கே கணவருக்கு வேலை கிடைத்தது. மனைவிக்கு? தம்பதியர் இருவரையும் ஒரே நிறுவனத்தில் நியமிப்பதில்லை என்பது அக்காலத்துப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் விதி. ஆகவே ஆய்வுகூடத்தில் ஒரு மூலை கொடுத்தார்கள், சம்பளம் கொடுக்கவில்லை. சிக்காகோ, நியூயோர்க், கிளீவ்லன்ட் என்று கணவர் மாறிய இடமெல்லாம் இவரும் மாறினார். பணமில்லாத ஆய்வாளர் விலை கொடுத்து வாங்கத் தேவையில்லாத பிராணியையே தேடவேண்டும். நாம் தும்புத்தடியோடு துரத்தும் கரப்பான் பூச்சிதான் அவருக்குக் கைகொடுத்தது! நியூயோர்க்கில், தென் அமெரிக்காவிலிருந்து வந்த குரங்குக் கூடுகளோடு வந்து சேர்ந்த பெரிய இனமொன்றைக் கண்டெடுத்து, போன ஊரெல்லாம் கொண்டுசென்று வளர்த்தார்.

அந்தப் பூச்சியிலே அவர் செய்த ஒரு பரிசோதனை எளிமையானது. மூளையிலிருந்து அதன் பின்னாலுள்ள சிறு சுரப்பிக்குச் செல்லும் நரம்பை வெட்டினார். வெட்டிய இடத்துக்கு மூளைப் பக்கமாகச் சுரப்புப் பொருள் தேங்கி நின்றது, மறுபக்கம் வெறுமையாயிற்று. வாய்க்காலை மறித்தால் மேற்புறம் தண்ணீர் நிற்பது போலத்தான். பொருள் மூளையிலே உற்பத்தியாகி, நரம்பு வழியே இறங்கி வருகிறது என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? முதுகெலும்புள்ள பிராணிகளிலும் இதுவே நடக்கிறது என்பதை 1949 இல் வொல்ப்காங் பார்க்மன் புதிய சாயமொன்றின் துணைகொண்டு காட்டினார்.

இதன் பொருளை அறிய ஒரு தாயைப் பாருங்கள். குழந்தை முலையைச் சப்புகிறது. அந்தத் தொடுகை நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. மூளையின் கலங்கள் உண்டாக்கிய ஒட்சிற்றோசின் என்ற ஓமோன், கபச்சுரப்பியின் பின்பகுதியிலிருந்து இரத்தத்திற் கலக்கிறது, பால் இறங்குகிறது. தந்தியும் தபாலும் ஒரே கந்தோரிலிருந்துதான் புறப்படுகின்றன.

டென்வரில் உதவித்தொகையும் சிறு பதவியும் கிடைத்தன. 1955 இல் நியூயோர்க்கின் அல்பேர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரி தொடங்கியபோதுதான் அவர் பேராசிரியையானார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. 1963 இல் இருவரும் சேர்ந்து இத்துறைக்கு ஒரு நூலை எழுதினார்கள். இரண்டு ஆண்டுகளின் பின், நீந்தும்போது நேர்ந்த விபத்தில் ஏர்ன்ஸ்ட் காலமானார். பேர்ட்டா ஆய்வுகூடத்தை மூடவில்லை, கற்பித்தலையும் நிறுத்தவில்லை. 1967 இல் அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானக் கழகத்தில் உறுப்பினரானார். 1983 ஆம் ஆண்டுக்கான தேசிய விஞ்ஞானப் பதக்கமும் அவரைத் தேடி வந்தது. 1995 ஜூலையில் தமது எண்பத்தெட்டாவது வயதிலே காலமானார்.

மூளை சுரக்கும் ஓமோன்களைப் பிரித்தறிந்த இருவர் 1977 இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். அந்தப் பாதைக்கு முதலிற் கல் பதித்தவர்களுள் ஒருவர், சம்பளமில்லாது கரப்பான் பூச்சி வளர்த்த இந்தப் பெண்மணி.

நேயர்களே, அவருடைய பொறுமையைப் போற்றுவது எளிது. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். கணவரிடம் ஓர் ஆய்வுகூடம் இருந்தபடியால் இவருக்கு ஒரு மூலையாவது கிடைத்தது. அந்த மூலையும் கிடைக்காமற் போன பெண்கள் எத்தனை பேர்? அவர்கள் கண்டறிந்திருக்கக்கூடியவை எவை? அந்தக் கணக்கை எந்த வரலாற்று நூலும் எழுதியதில்லை. திறமையுள்ளவரைப் பொறுமையுள்ளவராக இருக்கும்படி கேட்கும் சமூகம், தன் நட்டத்தைத் தானே அறியாத சமூகம்.