சந்தாக் கணக்கு இருக்கிறது. நோய்க் கணக்கு எங்கே?

(இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இங்கே பாதிப்பேர் கடை வைத்திருப்பவர்கள். ஸ்டாக் எடுக்காமல் யாராவது சரக்குக்கு ஆர்டர் கொடுப்பீர்களா? மாட்டீர்கள். ஆனால் உங்கள் மஹல்லாவில் சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர், தடுப்பூசி போடாத குழந்தை எந்த வீட்டில் இருக்கிறது என்று கேட்டால், ஜமாஅத் நிர்வாகிகளில் எத்தனை பேர் பதில் சொல்வார்கள்? சந்தா பாக்கி எந்த வீட்டில் என்பது மட்டும் விரல் நுனியில் இருக்கும்!

ஒரு சமுதாயம் தன் வீடுகளைத் தானே எண்ணினால் என்ன நடக்கும்? அதற்கு வடநாட்டில் நம் சமுதாயத்திலேயே உதாரணம் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியில், பித்தளை வேலைக்குப் பேர் போன முராதாபாத் போன்ற ஊர்கள். நெருக்கமான சந்துகள், திறந்த சாக்கடைகள். 2002ஆம் ஆண்டில் இந்தியாவில் 1600 குழந்தைகளைப் போலியோ தாக்கியது. அவர்களில் 1242 பேர் அந்த ஒரு மாநிலத்துக் குழந்தைகள். அம்மாநில மக்கள் தொகையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத முஸ்லிம்கள், அந்தக் குழந்தைகளில் பாதிக்கு மேல்!

உடனே எழுந்த பேச்சு என்ன? முஸ்லிம்கள் சொட்டு மருந்தை மறுக்கிறார்கள் என்பதுதான். மறுத்தவர்கள் இருந்தார்கள், அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பிள்ளைப் பேற்றைத் தடுக்கும் மருந்து என்ற வதந்தி தெருத் தெருவாகப் பரவியது. ஏன் நம்பினார்கள்? நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், அதே மேற்கு உ.பி.யின் முஸஃப்பர்நகரில் கட்டாயக் கருத்தடையை எதிர்த்த மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அதே அரசாங்கத்தின் ஆள் மருந்தோடு கதவைத் தட்டினால் பயம் வராதா? அதை அறியாமை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது அநியாயம்.

சரி, மறுப்பு மட்டும்தான் காரணமா? இங்கேதான் கணக்கு பேசியது. பல முறை சொட்டு மருந்து குடித்த குழந்தைகளுக்கும் நோய் வந்திருந்தது. 2006இல் வெளியான ஆய்வு ஒன்று, முதல் வகைக் கிருமிக்கு எதிராக ஒரு தவணை மருந்து தரும் பாதுகாப்பு உ.பி.யில் சுமார் 9 சதவீதம்தான் என்றது. உ.பி., பீகார் தவிர்த்த இந்தியாவில் அது சுமார் 21 சதவீதம். ஜன நெருக்கமும், சுகாதாரக் கேடும், ஓயாத வயிற்றுப்போக்கும் மருந்தைக் குடலில் வேலை செய்ய விடவில்லை. பழி முழுவதும் நம் மீது விழுந்தது. சாக்கடையைத் திறந்து போட்டவர்களை யார் கேட்டார்கள்?

பிறகு வழி மாறியது. அந்தந்தப் பகுதிப் பெண்களையே அமர்த்தினார்கள். ஒருவருக்குச் சுமார் ஐந்நூறு வீடுகள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள் எல்லாரும் அவரது பதிவேட்டில் இருப்பார்கள். மருந்து கொடுத்து முடித்த வீட்டுச் சுவரில் 'பி' என்றும், ஒரு குழந்தை விடுபட்டாலும் 'எக்ஸ்' என்றும் சாக்கட்டியால் எழுதினார்கள். எக்ஸ் வீட்டுக்கு மறுபடியும் போனார்கள். அப்போதும் கதவு திறக்காவிட்டால் இமாமையோ ஊர்ப் பெரியவரையோ அழைத்துப் போனார்கள். பள்ளிவாசல்களில் அறிவிப்புச் செய்தார்கள். அலிகர் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியாவும் துணை நின்றன. பேட்டிகளில் உலமாக்களின் முகம் தெரிந்தது; தேய்ந்தது அந்தப் பெண்களின் செருப்பு!

கணக்கு மருந்தையும் மாற்ற வைத்தது. 2005 முதல் ஒரே வகைக் கிருமிக்கான மருந்தும், 2010 ஜனவரி முதல் இரண்டு வகைக்கானதும் வந்தன. உ.பி.யிலும் பீகாரிலும் 107 வட்டாரங்களைத் தனியாகப் பிரித்து, வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல், துத்தநாக மாத்திரை, கை கழுவும் பழக்கம் என்று சேர்த்துக் கொடுத்தார்கள். 2009இல் இந்தியாவில் 741 குழந்தைகள். 2010இல் 42. 2011இல் ஒன்றே ஒன்று, மேற்கு வங்கத்தின் ஹவ்ராவில். 2014 மார்ச் 27இல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது.

இப்போது நம் தெருவுக்கு வருவோம். சிறுநீரகம் கெட்ட பிறகு டயாலிசிஸுக்கு ஜும்ஆவில் துண்டு விரித்து வசூல் செய்கிறோம். செய்யத்தான் வேண்டும். ஆனால் அந்த மனிதருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை இருந்திருக்கும், யாருக்குத் தெரியும்? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நம் சந்துகளில் எத்தனை வீடு விடுபட்டிருக்கிறது என்ற பட்டியலை நாமே அந்த ஊழியர்களிடம் கொடுக்கலாமே! இளைஞர்களே, நோட்டுப் போட்டுத் தெருவைப் பிரித்துக் கொள்ளுங்கள். வீட்டுக்குள் போய் விசாரிக்கப் பெண்கள் வேண்டும். வணிகர்கள் அவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். வெறும் துஆவோடு அனுப்பி விடாதீர்கள்!

இன்னொன்று. ஜும்ஆவில் எண்ணிக்கையைச் சொல்லலாம்; பெயரைச் சொல்லக் கூடாது. காசநோய் வந்த பெண்ணின் பெயர் வெளியே கசிந்தால் அவள் தங்கையின் நிகாஹ் பேச்சு நின்று போகும். அதன் பிறகு எந்தக் கதவும் திறக்காது. அதனால் பெயர் உள்ள நோட்டு விசாரிக்கப் போகும் பெண்களிடமே இருக்கட்டும். முத்தவல்லி கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.