சார்ங்கலன் கண்ட சுடுகாடு

தலைமையுரை நீண்டால் முதல் அமர்வைத் தேநீர் விழுங்கிவிடும். சுருக்கமாகவே பேசுகிறேன்.

இந்தக் கருத்தரங்கில் உள்ளூர் வரலாற்றுக்கும் பேய்க்கதைக்கும் ஒரே மேடையா என்று சிலர் கேட்டார்கள். விடை சாத்தனாரின் மணிமேகலைக் காப்பியத்தில் இருக்கிறது. சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் புகார் நகரத்துச் சுடுகாட்டை மணிமேகலா தெய்வம் விவரிக்கிறது. எரிப்பது, வெறுமனே இட்டுவிட்டுப் போவது, குழியில் புதைப்பது, தாழ்ந்த இடத்தில் வைத்து அடைப்பது, தாழியால் கவிப்பது என ஐந்து வழக்கங்களை எண்ணிச் சொல்கிறது. துறவிக்கும் அரசனுக்கும் கணவனோடு இறந்த பெண்ணுக்கும் எழுப்பிய கோட்டங்களையும் சொல்கிறது. கள ஆய்வாளர் ஒருவரின் குறிப்பேடு போலவே இருக்கிறது. அதே காதையில்தான் சார்ங்கலன் என்ற சிறுவன் தனியே அங்கே போகிறான். தலையொன்றைக் கையிலேந்தி ஆடும் பேயைக் கண்டு நடுங்கி ஓடிவந்து, தாய் கோதமையிடம் சொல்லி உயிர்விடுகிறான். சாத்தனாருக்குப் பதிவும் பயமும் ஒரே மண்ணில் விளைந்தவை. பிரித்தவர்கள் நாம்.

பிரித்ததில் வரலாற்றுக்கும் பேய்க்கதைக்கும் நட்டம். பழைய இடுகாடான ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் 1876இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டினார். பிறகு அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தாழிகளும் இரும்புக் கருவிகளும் பொன் பட்டங்களும் பட்டியலாயின. தாழியைப் பற்றி ஊர்களில் வழங்கும் கதையோ வேறு: சாவு வராமல் சுருங்கிப்போன கிழவர்களைத் தாழிக்குள் உட்காரவைத்து, சோறும் விளக்கும் வைத்தார்களாம். கட்டுக்கதைதான். ஆனால் எலும்போடு கலயங்களையும் கண்ட பிற்கால மக்கள், மறந்துபோன வழக்கத்துக்குத் தேடிக்கொண்ட விளக்கம் அது என்று கருதுகிறேன். அதுவும் ஒரு சான்றுதான்.

சினிமாவின் நட்டம் வேறு வகை. நம் பேய்ப்படங்களில் கல்லறை என்றால் மூடுபனி, சாய்ந்த சிலுவை, ஆந்தை. பழவேற்காடு டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாயிலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கின்றன. படப்பிடிப்புக் குழு பார்த்தால் துள்ளிக் குதிக்கும். அவை மிரட்டுவதற்கு நிறுத்தப்பட்டவை அல்ல. நீயும் சாவாய் என்று உயிரோடிருப்பவனுக்கு நினைவூட்டும் அக்கால ஐரோப்பியச் சமய மொழி.

ஆயினும் சினிமாவை ஒதுக்கிவிட முடியாது. 2011இல் வந்த 'காஞ்சனா'வை எண்ணிப் பாருங்கள். நாயகனும் நண்பர்களும் கிரிக்கெட் ஆடும் வெற்று மைதானத்தில், நிலத்துக்காகக் கொலையுண்டவர்கள் புதைந்திருக்கிறார்கள். பேயின் கோரிக்கை ஒரு நிலத் தகராறு. நம் ஊர்களில் பேய் உலவுவதாகச் சொல்லும் இடங்களைக் கிளறினால் கொள்ளைநோய்க் குழியோ, பறிபோன நிலமோ, பிணம் எந்தத் தெரு வழியே போகக்கூடாது என்று சாதி போட்ட தடையோ கிடைக்கலாம். பத்திரத்தில் ஏறாததைப் பேய் சுமக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். கல்வெட்டுகள் உப்புக்காற்றில் உதிர்கின்றன; குழிவெட்டும் பெரியவர்களுக்கும் வயதாகிறது. ஊர் திரும்பியதும் உங்கள் இடுகாட்டுக்குப் போங்கள். நோட்டின் ஒரு பக்கத்தில் கல்லில் உள்ள பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். எதிர்ப்பக்கத்தில் குழிவெட்டுபவர் சொல்லும் கதையை அவர் சொன்னபடியே எழுதுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் நிரப்பிய கட்டுரையை அடுத்த கருத்தரங்குக்கு அனுப்ப வேண்டாம்.