பொத்தேரியா, கிண்டியா? – ஒரு வீட்டுக் கணக்கு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னை அழைத்தபோது, "உங்க இஷ்டம் சார், எதைப் பத்தி வேணும்னாலும் பேசுங்க" என்றார். ஒவ்வொரு வருடமும் மே மாதம் பிறந்தால் நம் எல்லோருக்கும் வருகிற ஒரு போன் காலைப் பற்றியே பேசலாம் என்று தோன்றியது. பிளஸ் டூ ரிசல்ட் வந்திருக்கும். சித்தப்பா கூப்பிடுவார், இல்லையென்றால் ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிடுவார். "ஏம்ப்பா, நீ படிச்ச காலேஜ்லயே பையனைச் சேத்துடட்டுமா? நெலத்தை வித்தாவது கட்டிடறேன். இல்ல, கவுன்சலிங்ல போய் கவர்ன்மென்ட் காலேஜே எடுக்கட்டுமா? நீ சொன்னா சரி."

நீ சொன்னா சரி! எவ்வளவு பெரிய பொறுப்பு பாருங்கள். பொத்தேரி ஸ்டேஷனில் இறங்கி வந்து படித்தவன் என்பதற்காக, ஒரு குடும்பத்தின் பத்து வருட வருமானத்தைப் பற்றி நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்லூரிப் பாசத்தில் "கண்ணை மூடிக்கிட்டு சேருங்க" என்று சொல்வதும் தப்பு. "தனியார் எல்லாமே பணம் பறிக்கிற இடம்" என்று சொல்வதும் தப்பு. கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். நாம் இன்ஜினியர்கள்தானே!

முதலில் கொஞ்சம் பழைய கதை. இந்தக் கேள்வி நம் காலத்தில் பிறந்ததல்ல. கிண்டி இன்ஜினியரிங் கல்லூரி 1794ல் ஒரு சர்வே பள்ளியாகத் தொடங்கியது, அரசாங்கத்தின் கல்லூரி. குரோம்பேட்டை எம்.ஐ.டி. அப்படி அல்ல. 1949ல் சி. ராஜம் என்ற தனி மனிதர் தம் சொத்தைக் கொடுத்து ஆரம்பித்த தனியார் கல்லூரி அது. 1950களில் ராமேஸ்வரத்திலிருந்து அங்கே சேர வந்த அப்துல் கலாமுக்குக் கட்ட வேண்டியிருந்த தொகை சுமார் ஆயிரம் ரூபாய். அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய பணம். அவருடைய அக்கா ஸோஹரா தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கட்டினார் என்பதைக் கலாம் அவர்களே எழுதியிருக்கிறார்.

1978ல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது கிண்டியோடு எம்.ஐ.டி.யும் அதில் சேர்ந்தது. சிதம்பரத்தில் அண்ணாமலை செட்டியார் 1929ல் நிறுவிய பல்கலைக்கழகத்தைப் பண நெருக்கடிக்குப் பிறகு 2013ல் தமிழக அரசு தன் பொறுப்பில் எடுத்துக் கொண்டது. ஆக, அரசு, தனியார் என்பது ஒரு கல்லூரியின் நெற்றியில் எழுதி ஒட்டிய விதி இல்லை. அது ஒரு ஏற்பாடு. யார் பணம் போடுகிறார்கள், யாரிடம் வசூலிக்கிறார்கள் என்பதே அதன் சாரம்.

1984ல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிக் கல்லூரிகளுக்கு அனுமதி தந்தது. அதற்கு முன்பு தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் சீட் என்பது விரல் விட்டு எண்ணுகிற சில கல்லூரிகளில்தான். வசதி உள்ளவர்கள் கர்நாடகத்துக்குப் போய் நன்கொடை கொடுத்துச் சேர்ந்தார்கள். 1985ல் இந்த ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்தில் எஸ்.ஆர்.எம். இன்ஜினியரிங் காலேஜ் வந்தது. 2002ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. கூடுவாஞ்சேரிக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் உள்ள இந்தக் கிராமங்கள் அதற்குப் பிறகு எப்படி மாறின என்பது உங்களுக்குத் தெரியும். மார்க் கொஞ்சம் குறைந்த பிள்ளைகளுக்கும் இன்ஜினியரிங் கதவு திறந்தது இந்தக் கல்லூரிகளால்தான். அதை நான் மறுக்கவில்லை. அந்தக் கதவு வழியாக உள்ளே வந்தவன்தான் நானும்.

இனி கணக்குக்கு வருவோம்.

அரசுக் கல்லூரிக் கட்டணம் ஆயிரங்களில் பேசப்படுவது. தனியார் பல்கலைக்கழகக் கட்டணம் லட்சங்களில். ஒரு உதாரணம் எடுத்துக் கொள்வோம். படிப்பு, ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து நான்கு வருடத்துக்கு 15 லட்சம் கடன். ஒவ்வொரு வருட ஆரம்பத்திலும் 3 லட்சத்து 75 ஆயிரம் வாங்குகிறோம். வட்டி 10 சதவீதம். படிக்கும் காலத்திலும், முடித்து ஒரு வருடம் வரையிலும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் வட்டி தூங்காது. தனி வட்டியாகப் பார்த்தாலே நான்கு வருடத்தில் 3 லட்சத்து 75 ஆயிரம், ஐந்தாம் வருடத்தில் இன்னொரு ஒன்றரை லட்சம். முதல் தவணை கட்டும் நாளில் கடன் 20 லட்சத்து 25 ஆயிரம்.

இதை ஏழு வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 33,600 ரூபாய். மொத்தம் கட்டுவது 28 லட்சத்துக்கு மேல். "பதினைந்து வருஷமா நீட்டிக்கிறேன்" என்றால் மாதத் தவணை 21,800க்கு இறங்கும். ஆனால் மொத்தம் 39 லட்சத்தைத் தாண்டும். அதே கணக்கில் 3 லட்சம் மட்டும் கடன் வாங்கியவனுக்கு ஏழு வருடத் தவணை மாதம் 6,700 ரூபாய்.

அந்தப் பக்கம் சம்பளம் என்ன? பெரிய ஐ.டி. சேவைக் கம்பெனிகள் புதிதாகச் சேர்பவர்களுக்குக் கொடுக்கும் ஆரம்பச் சம்பளம் பல வருடங்களாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. பி.எஃப். போகக் கைக்கு வருவது மாதம் 25 ஆயிரத்தைச் சுற்றித்தான். இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே வேலைக்கு ஒரே கம்பெனி எடுக்கும்போது, கிண்டிக்காரனுக்கும் பொத்தேரிக்காரனுக்கும் காரைக்குடிக்காரனுக்கும் சம்பளம் ஒன்றுதான். தவணை மட்டும்தான் வேறு.

வேலை நிலைக்கும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. நமக்குப் பக்கத்தில் மறைமலை நகரில் ஃபோர்டு தொழிற்சாலை இருந்தது. நம் பையன்கள் எத்தனை பேர் அந்தக் கேட்டைப் பார்த்து ஆசைப்பட்டிருப்போம்! 2021ல் மூடுவதாக அறிவித்தார்கள், 2022ல் உற்பத்தி நின்றது. நான் ஒரகடம் பக்கம் உதிரிபாகக் கம்பெனியில் இருப்பவன். ஒரு பெரிய ஆலை நின்றால் அதை நம்பிய சின்னக் கம்பெனிகளில் என்ன நடக்கும் என்று தெரியும். கடன் தவணை அதையெல்லாம் கேட்காது.

அப்படியானால் தனியாரே வேண்டாமா? அப்படி நான் சொல்லவில்லை. பணத்துக்கு இங்கே கிடைப்பதை நேர்மையாகச் சொல்கிறேன். பிடித்த பிராஞ்ச் கிடைக்கிறது. பாடத்திட்டத்தைத் தாங்களே மாற்றிக் கொள்ளலாம். பல மாநிலத்துப் பிள்ளைகளோடு பழகி, கூச்சம் போய், இங்கிலீஷும் கொஞ்சம் இந்தியும் வருகிறது. கேம்பஸுக்கு நிறையக் கம்பெனிகள் வருகின்றன. அரசுக் கல்லூரியில் கிடைப்பது வேறு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் கட்-ஆஃபில் வடிகட்டி வந்தவன். அவனோடு போட்டி போட்டே நாம் வளர்ந்து விடுவோம். கட்டிடம் பழசாக இருக்கலாம், ஹாஸ்டல் சாப்பாடு சுமாராக இருக்கலாம். ஆனால் கடன் பயம் இல்லாமல் இருபத்திரண்டு வயதில் வெளியே வருகிறவன், மேற்படிப்புக்குப் போகலாம், போட்டித் தேர்வு எழுதலாம், பிடிக்காத வேலையை விடலாம். அந்தச் சுதந்திரத்துக்கு என்ன விலை போடுவீர்கள்?

இன்னொரு விஷயம். பெரும்பாலான வீடுகளில் உண்மையான போட்டி கிண்டிக்கும் பொத்தேரிக்கும் அல்ல. கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டுமென்றால் 200க்கு 200ஐ ஒட்டி நிற்க வேண்டும். 180, 185 எடுத்தவனுக்கு எதிரே உள்ள கேள்வி வேறு: தனியார் பல்கலைக்கழகமா, அல்லது கவுன்சலிங் வழியாகக் கோவை, சேலம், காரைக்குடி, திருநெல்வேலி, பர்கூர் போன்ற ஊர்களிலுள்ள அரசுக் கல்லூரியா, அல்லது அரசு ஒதுக்கீட்டில் ஒரு நல்ல சுயநிதிக் கல்லூரியா? இந்த மூன்றாவது வழியைப் பல பெற்றோர் யோசிப்பதே இல்லை. அதில் கட்டணத்துக்கு வரம்பு உண்டு.

கவுன்சலிங் வழியாகப் போனால் இன்னும் சில உதவிகள் உண்டு. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கு 2010லிருந்து கல்விக் கட்டணச் சலுகை இருக்கிறது. ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான். ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021லிருந்து 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022லும் பையன்களுக்கு 2024லும் மாதம் ஆயிரம் ரூபாய் திட்டங்கள் வந்தன. நிலத்தை விற்கிறேன் என்று சொல்லும் சித்தப்பாவுக்கு இவற்றில் பாதி தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

என் வீட்டைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். எங்கள் ஊர் திருக்கழுக்குன்றம் பக்கம். நான் இங்கே மெக்கானிக்கல் படித்து முடிக்கும் சமயம் என் தங்கை பிளஸ் டூ முடித்து விட்டாள். மார்க் என்னைவிட அதிகம். வீட்டில் பணம் ஒரு ஆளுக்குத்தான் இருந்தது. அது எனக்குப் போய் விட்டது. "அண்ணன் முடிக்கட்டும்பா" என்று அவளே சொல்லி, பஸ்ஸில் செங்கல்பட்டு அரசு கலைக் கல்லூரிக்குப் போய் பி.எஸ்ஸி. கணக்கு படித்தாள். அவளுடைய மூன்று வருடச் செலவு என்னுடைய ஒரு செமஸ்டர் மெஸ் பில்லுக்கு வராது. இன்று அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அவள் இன்ஜினியரிங் படிக்க ஆசைப்பட்டவள். ஒரு பிள்ளைக்கு 15 லட்சம் என்று முடிவு செய்யும்போது, அடுத்த பிள்ளைக்கு என்ன என்பதையும் அதே நாளில் முடிவு செய்து விடுகிறோம். பெரும்பாலும் அந்த அடுத்த பிள்ளை பெண்ணாக இருக்கிறது. எந்த விளம்பரத்திலும் இந்தச் செலவு அச்சாவதில்லை.

ஆகவே, போன் செய்கிறவர்களிடம் நான் கேட்கச் சொல்கிற கேள்விகள் இவை.

ஒன்று, மிக உயர்ந்த சம்பளம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். சரி பாதியில் நிற்கிற மாணவனின் சம்பளம் என்ன, நீங்கள் சேரும் பிராஞ்சில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேளுங்கள்.

இரண்டு, முதல் வருடக் கட்டணத்தைப் பெருக்கி நான்கு வருடக் கணக்கு என்று நினைக்காதீர்கள். மெஸ், பஸ், பரீட்சைக் கட்டணம், வருடா வருடம் ஏறுவது எல்லாம் எழுத்தில் வாங்குங்கள்.

மூன்று, ஸ்காலர்ஷிப் என்றால், எந்த மார்க் குறைந்தால் அது நிற்கும் என்று கேளுங்கள்.

நான்கு, இடத்தை விட்டு விலகினால் பணம் எவ்வளவு திரும்ப வரும் என்று கேளுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018லேயே சொல்லியிருக்கிறது.

ஐந்து, அப்பாவின் வருமானம் நடுவில் நின்று போனால் மூன்றாம் வருடக் கட்டணம் எங்கிருந்து வரும்?

இந்த ஐந்தாவது கேள்விதான் என்னை இங்கே பேச வைத்தது. எங்கள் செட்டில் ஒரு நண்பனுக்கு மூன்றாம் வருடத்தில் அப்பா தவறி விட்டார். ஹாஸ்டலில் ஆளுக்கு ஐநூறு, ஆயிரம் என்று போட்டு அந்த ஒரு செமஸ்டரைச் சமாளித்தோம். 2020ல் கொரோனா வந்தபோது எத்தனை வீடுகளில் இதே நிலைமை என்று யோசித்துப் பாருங்கள். அரசுக் கல்லூரியில் ஒரு அப்பாவின் மரணம் துக்கம். இங்கே துக்கத்தோடு ஒரு பில்லும் வருகிறது.

எனவே சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். முதலாவது, ஒவ்வொரு மே மாதமும் நம் முன்னாள் மாணவர்கள் சிலர் உட்கார்ந்து, கேட்டு வரும் பெற்றோருக்குக் கடன் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டட்டும். நம் கல்லூரியைப் புகழ்வதற்கு அல்ல. கணக்குப்படி வேறு கல்லூரிதான் சரி என்றால் அதையும் சொல்லட்டும். இரண்டாவது, நடுவில் வருமானம் நின்ற வீட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒரு நிதி. அதற்கு என் ஒரு மாதச் சம்பளத்தை முதலில் தருகிறேன். சந்திப்புக்கு வந்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு நாள் சம்பளம் கொடுத்தாலே சில பிள்ளைகளின் செமஸ்டர் நிற்காது.

இங்கே படித்துக் கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. சேர்ந்தாகி விட்டது, இனி இந்தக் கணக்கைப் பார்த்துக் கலங்காதீர்கள். வீட்டில் எவ்வளவு கடன் என்று அப்பாவிடம் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். முடிந்தால் படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது கட்டி வரச் சொல்லுங்கள். அசல் ஊதாமல் இருக்கும். லேப், லைப்ரரி, வாத்தியார் எல்லாவற்றுக்கும் பணம் கட்டியிருக்கிறீர்கள்; ஒரு பைசா விடாமல் பயன்படுத்துங்கள்.

 நிதிக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு செயலாளரைப் பார்க்கவும்.