ஒரு சதுரமும் ஒரு யானையும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"என் தொழில் அனுபவம்" என்ற தலைப்பில் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். மேசை மேல் ஒரு பொம்மையை வைத்திருக்கிறேன். பின்வரிசையில் யாரோ சிரிப்பது கேட்கிறது. தாராளமாகச் சிரியுங்கள். உள்ளங்கையில் அடங்கும் சிவப்பு யானை. ஒரு காது பெரிது, ஒரு காது சின்னது. தும்பிக்கை கோணல். என் தொழிலில் நான் கற்ற முக்கியமான பாடம் இதற்குள் இருக்கிறது.

நம் கல்லூரியை விட்டுப் போனதும் திருப்பூரில் ஒரு நிட்டிங் யூனிட்டில் மெயின்டனன்ஸ் வேலைக்குச் சேர்ந்தேன். பனியன் துணி ஓட்டும் வட்ட நிட்டிங் மெஷின்தான் என் உலகம். மாணவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. மெஷினின் விட்டம் 30 அங்குலம், கேஜ் 24. அதாவது ஓர் அங்குலத்துக்கு 24 ஊசி. சுற்றளவைப் பெருக்கினால் சுமார் 2,260 ஊசிகள். 90 ஃபீடர் உள்ள மெஷின், நிமிடத்துக்கு 25 சுற்று ஓடினால் எத்தனை கண்ணி விழும்? ஐம்பது லட்சத்துக்கு மேல்! இந்தக் கணக்கை நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஊசி உடைந்தால் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பேன். பின்னல் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பு எனக்கு.

2020 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. நல்லவேளை, சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் உயிருக்கு ஆபத்தில்லை; பேச்சும் திரும்பிவிட்டது. ஆனால் வலது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பிசியோதெரபி தொடங்கினோம். மார்ச்சில் அம்மாவைப் பார்க்க வந்தவன், 25-ம் தேதி ஊரடங்கு வந்ததால் திருவண்ணாமலையிலேயே தங்கிவிட்டேன். கிரிவலப் பாதை வெறிச்சோடிக் கிடந்தது. தேரடித் தெருவில் ஒரு கடை திறக்கவில்லை.

ஐந்து வயது மகள் ஒரு பொம்மை கேட்டு அடம் பிடித்தாள். முயல் பொம்மைதான் வேணுமாம். கடைக்கு எங்கே போவது? கட்டிலில் படுத்திருந்த அம்மா சொன்னார்:

"டேய், பெரிய டிரங்குப் பெட்டியிலே என் பின்னல் ஊசி இருக்கு பாரு. எடுத்துக்கிட்டு வா. நீ பின்னு, நான் சொல்றேன்."

"நானாம்மா?"

"பின்னே? பத்து வருஷமா திருப்பூர்ல என்னதான் பண்றே?"

ஊசி கிடைத்தது. 8-ம் நம்பர், அதாவது 4 மில்லிமீட்டர் கனம். நூல் கிடைக்கவில்லை. பெட்டியின் அடியில், பழைய புடவைக்குள் சுற்றி, ஒரு சின்னச் சிவப்பு ஸ்வெட்டர் இருந்தது. என் முதல் மார்கழிக்கு அம்மா பின்னியது. "அதைப் பிரி" என்றார். எனக்கு மனசு வரவில்லை. "வச்சிருந்து என்ன பண்ணப் போறே? பூச்சி அரிக்கும். குழந்தைக்கு ஆகட்டும்" என்றார்.

முதலில் தோள், பக்கத் தையல்களைப் பிரித்தேன். பிறகு பின்னி முடித்த கடைசி முடிச்சைத் தேடி அவிழ்த்து இழுத்தேன். அருவி மாதிரி நூல் வந்துகொண்டே இருந்தது. நம் மாவட்டத்து ஆரணிப் பட்டில் பாவும் ஊடும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அதை இப்படி ஒரே இழுப்பில் நூலாக்க முடியாது. கையால் பின்னிய துணியிலோ ஒரே நூல்தான் கண்ணி கண்ணியாக நடந்து போகிறது. வந்த வழியே திரும்பியும் போகும். பிரித்த நூல் சுருள் சுருளாக இருந்தது. நாற்காலி முதுகில் சுற்றிக் கழியாக எடுத்து, நனைத்து, அடியில் பாரம் கட்டித் தொங்கவிட்டேன். காய்ந்ததும் ஓரளவு நேரானது.

அம்மாவின் பாடம் நான்கே சொற்கள்: நுழை, சுத்து, இழு, விடு. இடது ஊசியில் இருக்கும் கண்ணிக்குள் வலது ஊசியை நுழை. நூலைச் சுத்து. சுத்திய நூலைக் கண்ணி வழியாக இழு. பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து விடு. அவ்வளவுதான்.

கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் மெஷினில் ஒவ்வொரு ஊசியும் மேலே ஏறி, நூலைப் பிடித்து, கீழே இழுத்து, பழைய கண்ணியைக் கழற்றிவிடுகிறது. அதே நான்கு வேலை! 1589-ல் இங்கிலாந்தில் வில்லியம் லீ முதல் பின்னல் பொறியைச் செய்தபோதும், கை செய்ததைத்தான் இரும்புக்குச் சொல்லிக் கொடுத்தார். நான் மெஷினைப் படித்தேனே தவிர, அது யாரைப் பார்த்துப் படித்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

முதல் வரிசை முப்பது கண்ணி. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கை வியர்த்தது. "அவ்ளோ இறுக்கிப் பிடிக்காதே. நூல் உனக்குக் கடன் பாக்கியா?" என்று அம்மா சிரித்தார். நோய் வந்தபின் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

நாலாம் நாள் பார்த்தால் பக்கங்கள் உள்ளே ஒடுங்கியிருந்தன. எண்ணினேன், 27 கண்ணிதான். எங்கேயோ மூன்றை விட்டிருக்கிறேன். யூனிட்டில் கண்ணி விட்டால் துணியில் நெடுகக் கோடு விழும். அந்தத் துணி இரண்டாம் தரம். இங்கே அம்மா சொன்னது வேறு: "தப்பு நடந்த எடம் வரைக்கும் பிரி. அதுக்கு மேல பிரிக்காதே." எட்டு வரிசை பிரித்தேன். என்ஜினியர்களே, இந்த இரண்டு வாக்கியத்தையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம்.

இனி செய்முறை. 30 கண்ணி போட்டு, எல்லா வரிசையும் ஒரே மாதிரி நேர்கண்ணியாக 60 வரிசை பின்னினால் ஏறத்தாழ ஒரு சதுரம் வரும். பக்கத்துக்குச் சுமார் 14 சென்டிமீட்டர். பனியன் துணியை வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதில் எல்லாக் கண்ணியும் ஒரே பக்கம் பார்க்கிறது; இழுவிசை சமமில்லை. கையால் திருப்பித் திருப்பிப் பின்னும்போது ஒரு வரிசை முன்னே, ஒரு வரிசை பின்னே பார்க்கும். விசை சமமாகிவிடுவதால் சுருளாது. புதிதாகக் கற்பவர்களுக்கு இதுதான் நல்லது.

சதுரத்தின் நட்டநடுவே, இடமிருந்து வலமாக ஓட்டுத்தையல் போடுங்கள். அதன் இரு முனைகளிலிருந்தும் மேல் விளிம்பின் நடுப்புள்ளிக்குத் தையலை ஓட்டினால் ஒரு முக்கோணம். அதன் நடுவில் பஞ்சு வைத்து நூலை இழுத்தால் முக்கோணம் சுருங்கி உருண்டைத் தலையாகும். மேல் மூலைகள் இரண்டும் காதுகளாக நிமிரும். கீழ்ப் பாதியை முதுகுப்பக்கம் சேர்த்துத் தைத்து, பஞ்சு அடைத்து, அடி விளிம்பைச் சுருக்கி முடிச்சுப் போட்டால் உடம்பு. முயல் தயார்.

இலவம் பஞ்சு கண்ணி வழியே வெளியே வரும். அதனால் பழைய பனியன் துணியில் பொட்டலமாகக் கட்டி உள்ளே வையுங்கள். கண்ணுக்குப் பொத்தான் வேண்டாம், கறுப்பு நூலால் தைத்துவிடுங்கள். குழந்தை பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். பொம்மைப் பாதுகாப்புக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 9873. சின்னப் பாகங்களைச் சோதிக்கும் உருளையின் உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் சின்னக் குழந்தைகளின் பொம்மையில் இருக்கக் கூடாது. தரம், நம்பர் எதுவும் அறியாத அம்மா இதையேதான் சொன்னார்: "பொத்தான் வேணாண்டா, முழுங்கிடும்."

மொத்தம் 1,800 கண்ணி. எங்கள் மெஷினுக்கு ஒரு விநாடியில் நாற்பதில் ஒரு பங்குகூட வேண்டாம். எனக்கு ஒன்பது நாள்.

பொம்மையை வாங்கிய மகள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காது அகலமாகிவிட்டது. "இது முயல் இல்லை, யானை" என்றாள். "ருக்குவா?" என்றார் அம்மா. நம் அண்ணாமலையார் கோயில் யானை ருக்கு 2018 மார்ச்சில் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கைக்குழந்தையாக இருந்த மகளைத் தூக்கிக்கொண்டு போய் ருக்குவிடம் ஆசீர்வாதம் வாங்கியவர் அம்மா. மகள் விடவில்லை: "ஆயா, அப்போ தும்பிக்கை எங்கே?"

நான் ஊசியை எடுத்தேன். அம்மா இடது கையை நீட்டினார். "கொடு. அது நான் பின்றேன்."

ஆறே கண்ணி. வலது கை ஊசியைப் பிடிக்கவே இரண்டு நாள். ஊசியை அவர் விரலோடு சேர்த்து நான் பிடித்துக்கொள்ள, ஒரு நாளைக்கு ஒரு வரிசை, சில நாள் பாதி வரிசை. கோபத்தில் ஒருநாள் ஊசியை வீசி எறிந்தார். மறுநாள் அவரே கேட்டு வாங்கினார். முப்பது வரிசை முடிய இரண்டு மாதம் ஆனது. நாடாவைச் சுருட்டித் தைத்து முகத்தில் வைத்தோம். நீங்கள் பார்க்கும் கோணல் தும்பிக்கை அதுதான்.

பின்னல் வைத்தியம் என்று நான் சொல்லவில்லை. டாக்டர் சொன்ன பயிற்சியும் மாத்திரையும் ஒருநாளும் நிற்கவில்லை. கை முழுவதும் சரியாகவுமில்லை; அம்மா இன்றும் இடது கையால்தான் கரண்டி பிடிக்கிறார். ஆனால் "என்னால ஒண்ணும் ஆகாது" என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டிருந்தவர், அந்த இரண்டு மாதம் காலையில் எழுந்து உட்கார்ந்தார். ஒரு மகனுக்கு அது போதாதா?

மாணவச் செல்வங்களே, நாளை நீங்கள் எந்த மெஷின் முன்னால் நின்றாலும், அது செய்யும் வேலையை ஒருமுறை உங்கள் கையால் செய்து பாருங்கள். வெல்டிங்கோ, நெசவோ, பின்னலோ, கை தப்பு செய்யும்போதுதான் மெஷின் எங்கே தப்பு செய்யும் என்பது புரியும். யூனிட்டுக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் காரியம், புதிதாகச் சேரும் பையன்களிடம் இரண்டு ஊசியும் ஒரு நூல் பந்தும் கொடுத்ததுதான். ஆம்பளைப் பசங்களா என்று முதலில் கூச்சப்பட்டார்கள். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் பின்னல் சங்கங்களில் ஆண்களே உறுப்பினர்கள் என்று சொன்னேன். இப்போது கூச்சமில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் கேன்டீன் வராந்தாவில் இருபது ஜோடி ஊசியோடு உட்கார்ந்திருப்பேன். விருப்பமுள்ளவர்கள் வாருங்கள், நான்கு சொல்தான், சொல்லித் தருகிறேன். யானையைத் தொட்டுப் பார்க்கலாம். ஆனால் மாலைக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும். மகளிடம் இரவல் வாங்கி வந்தது.