குணமாக்கிய கையை நம்பாத வீரன்



நூற்றாண்டு விழாவில் ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்றுதான் சபை எதிர்பார்க்கும். இன்று நாம் எடுத்துக்கொண்ட விடயம் வேறு. மாய சக்தி உடையவர்களைக் கண்டாலே ஒதுங்கிப் போகும் ஒரு கதாநாயகனைப் பற்றிப் பேசப்போகிறோம். அவன் அஞ்சும் அந்தச் சக்தி உடையவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒரு பெரிய கல்விக்கூடத்தில் பல ஆண்டுகள் பயின்றவர்கள். அவர்களில் ஒரு பிரிவினர் நோய் தீர்ப்பவர்கள். ஆகவே பெண்கள் பாடசாலை ஒன்றின் மேடைக்கு இந்தக் கதை பொருந்தும் என்று நினைக்கிறோம்.

கதை அமெரிக்கக் கதை. தென் கரோலினா மாநிலத்தின் சார்ள்ஸ்டன் நகரில் 1948இல் பிறந்த ஜேம்ஸ் ஒலிவர் ரிக்னி என்பவர், ரொபேட் ஜோர்டன் என்ற புனைபெயரில் ‘த வீல் ஒவ் டைம்’, அதாவது ‘காலச் சக்கரம்’ என்ற பெருந்தொடரை எழுதினார். முதற் பாகம் 1990இல் வெளிவந்தது. பதினான்காம் பாகம் 2013இல் வந்து கதையை முடித்தது. 2021இல் அமேசன் நிறுவனம் இதைத் திரைத்தொடராகவும் வெளியிடத் தொடங்கியது. வெளிநாடுகளில் வளரும் நம் பிள்ளைகளிடமும் பெறாமக்களிடமும் கேட்டுப் பாருங்கள், சிலர் பாகம் பாகமாகக் கதை சொல்வார்கள்.

அந்த உலகில் மாய சக்திக்கு ஆண் பாதி, பெண் பாதி என இரண்டு பாதிகள் உண்டு. கதை தொடங்குவதற்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்னதாக ஆண் பாதி நஞ்சூட்டப்பட்டுவிட்டது. அதைத் தொட்ட ஆண்கள் சித்தம் கலங்கி, மலையையும் கடலையும் புரட்டி உலகையே உடைத்தார்கள். அதன் பின்னர் பெண்கள் மட்டுமே பாதுகாப்பாகச் சக்தியைக் கையாள முடிந்தது. அவர்களுக்கு அய்ஸ் செடாய் என்று பெயர். ‘எல்லோருக்கும் பணி செய்வோர்’ என்பது அதன் பொருள்.

டார் வாலன் என்னும் நகரின் வெண்கோபுரம் அவர்களுடைய கல்விக்கூடம். புதிதாகச் சேரும் பிள்ளைகள் வெள்ளை உடுத்தி, சட்டி பானை கழுவி, மூத்தவர்களுக்குப் பணிந்து பல ஆண்டுகள் பயில வேண்டும். நமது விடுதியில் இருந்த அக்காமார் சிரிப்பது கேட்கிறது. பயிற்சி முடித்தவர்கள் ஏழு நிறப் பிரிவுகளில் ஒன்றில் சேர்வார்கள். மஞ்சள் பிரிவின் பணி நோய் தீர்ப்பது.

அவர்கள் மூன்று சத்தியங்கள் செய்கிறார்கள். உண்மையல்லாத சொல்லைப் பேசுவதில்லை; மனிதரை மனிதர் கொல்ல ஆயுதம் செய்து கொடுப்பதில்லை; தீய சக்திகளுக்கு எதிராகவோ, உயிர் காக்கும் இறுதி நிலையிலோ அன்றிச் சக்தியை ஆயுதமாக ஏவுவதில்லை. சத்தியத்தை மீற அவர்களால் இயலவே இயலாது. அப்படியிருந்தும் அந்த உலகில் பெரும்பாலானோர் அவர்களை நம்புவதில்லை. வெண்மேலங்கி அணிந்த ஒரு படை அவர்களைச் சூனியக்காரிகள் என்று சொல்லி வேட்டையாடுகிறது. சாதாரண சனம் கண்ணை எடுத்துக்கொண்டு விலகிப் போகிறது.

அந்தச் சாதாரண சனத்தில் ஒருவன்தான் நம் வீரன். முழுப் பெயர் மாட்ரிம் கோதன். இங்கே கோதன் என்றே சொல்லுவோம். தொலைதூரக் கிராமத்தவன், குதிரை வியாபாரியின் மகன், பகிடிக்காரன், தாயக்கட்டையில் அதிட்டக்காரன். பாழடைந்த நகரம் ஒன்றில் ஆசைப்பட்டு எடுத்த ஒரு கத்தி அவனைப் பற்றிக்கொள்கிறது. நாளுக்கு நாள் உடல் உருகி மரணத்தின் வாசலுக்குப் போகிறான். 1991இல் வந்த மூன்றாம் பாகத்தில் வெண்கோபுரத்துப் பெண்கள் பலர் ஒன்றுசேர்ந்து அந்தக் கத்தியின் பிடியிலிருந்து அவனைப் பிரித்து உயிர் தருகிறார்கள். கண் விழித்து, அகோரப் பசியோடு கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகு அவனுக்கு இருக்கும் ஒரே விருப்பம், அந்த இடத்தை விட்டு ஓடுவது.

வைத்தியத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு இந்த நோயாளியை நன்றாகத் தெரியும். இன்சுலின் ஊசி போடத் தொடங்கினால் அதோடு முடிந்தது என்று பயந்து வருடக் கணக்கில் தள்ளிப்போடுகிறவர் இவர்தான். பெரியாஸ்பத்திரி வாட்டுக்குப் போனவர் திரும்பி வரார் என்று வீட்டிலேயே படுத்திருந்து, இனி ஏலாது என்ற கட்டத்தில் வருகிறவரும் இவர்தான். இவர்களை ‘அறியாமை’ என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுவது எங்களுக்கு வசதியானது. கோதனின் கதை அந்த வசதியைத் தருவதில்லை. அவனுடைய வெறுப்பைப் பிரித்துப் பார்த்தால் அதில் மூன்று இழைகள் தெரிகின்றன.

முதல் இழை வரலாறு. சக்தி படைத்தவர்கள் ஒருகாலத்தில் உலகை உடைத்தது உண்மை. உடைத்தவர்கள் ஆண்கள், இன்று கோபுரத்தில் இருப்பவர்கள் பெண்கள் என்ற வேறுபாடு கிராமத்துத் திண்ணைக் கதைகளில் தேய்ந்து போய்விட்டது. மிஞ்சியது பயம் மட்டுமே.

இரண்டாவது இழையில் நியாயம் இருக்கிறது. உயிர் பிழைத்த கோதனுக்கு நகரை விட்டு வெளியேற அனுமதி இல்லை. அவனால் ஆகவேண்டிய காரியம் ஒன்று அவர்களுக்கு இருந்தது. சுகப்படுத்தியவர்களே வாசலில் காவலும் வைத்தால் நன்றிக்கு எங்கே இடம்? அவர்களுடைய சத்தியத்திலும் ஒரு சிக்கல் உண்டு. பொய் சொல்ல மாட்டார்கள்; ஆனால் முழுவதையும் சொல்லவும் மாட்டார்கள். அவர்கள் சொல்லும் உண்மை, கேட்பவர் விளங்கிக்கொண்ட உண்மையாக இருக்காது என்பது அந்த உலகில் எல்லோருக்கும் தெரியும்.

இந்த இடத்தை வாசிக்கும்போது வைத்தியர்கள் கொஞ்சம் நெளியத்தான் வேண்டும். “அம்மாவுக்குப் புற்றுநோய் என்று சொல்லிப்போடாதேங்கோ டொக்டர்” என்று பிள்ளைகள் வாசலில் வந்து கேட்பது நம் ஊரில் வழமை. ‘ஒரு சின்னக் கட்டி, மருந்து ஏத்தினால் சுருங்கும்’ என்று சொன்னால் அதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் அந்த அம்மா தன் நகையை யாருக்குக் கொடுப்பது, கனடாவில் இருக்கும் மகனை எப்போது வரச் சொல்லுவது என்று முடிவெடுக்கும் உரிமையை இழந்துவிடுகிறார். பிள்ளைகள் கேட்பது அன்பினால்தான். இருந்தாலும் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாளை அவருக்கு நாங்கள் உண்மையையே சொன்னாலும் அதற்குள் வேறென்ன மறைந்திருக்கிறது என்றுதான் அவர் தேடுவார்.

மூன்றாவது இழையைத்தான் தப்பெண்ணம் என்று சொல்ல வேண்டும். பெயரைப் பார்த்து ஆளைத் தீர்மானிப்பது அது. கோதனின் ஊரில் நைனீவ் என்ற இளம்பெண் மூலிகை வைத்தியம் பார்த்தாள். அவளிடம் மருந்து வாங்க அவன் சிறுவயதில் அஞ்சியதில்லை. ஊரார் அவளுக்குக் கைராசி என்று நம்பினார்கள். நம் தமிழில்தான் அப்படிச் சொல்லுவோம், கருத்து அதுவே. உண்மையில் அந்தக் கைராசி, அவளையே அறியாமல் அவள் பயன்படுத்திய மாய சக்தி. காய்ச்சலில் சாகக் கிடந்த ஒரு சிறுமியை அவள் பிழைக்க வைத்தது அதனால்தான். அய்ஸ் செடாயை அடியோடு வெறுத்த நைனீவுக்கு, நீயும் அவர்களைப் போன்றவள்தான் என்று ஒருத்தி சொல்லும் இடம் முதற் பாகத்தின் மிக நல்ல இடங்களில் ஒன்று.

ஆக, கிராமம் அஞ்சியது சக்திக்கு அல்ல. நம் பிள்ளை என்று தெரிந்தவளின் கையில் அதே சக்தி மருந்தாயிற்று. தூரத்துக் கோபுரத்திலிருந்து பட்டத்தோடு வந்தவளின் கையில் சூனியமாயிற்று. பின்னர் கோதனின் சொந்தத் தங்கையே அந்தக் கல்விக்காக வீட்டை விட்டுப் புறப்படுகிறாள். அதை எந்தக் கணக்கில் அவன் வைப்பான்?

நான்காம் பாகத்தில் அவனுக்கு ஒரு பதக்கம் கிடைக்கிறது. நரித்தலை பொறித்த வெள்ளிப் பதக்கம். அதைக் கழுத்தில் போட்டிருக்கும்வரை நேராக அவன்மேல் ஏவப்படும் சக்தி அவனைத் தொடாது. பெரிய நிம்மதி. ஆனால் வைத்தியர் கண்ணோடு வாசிக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. அப்படி ஒரு கவசத்துக்கு, காயப்படுத்த வரும் கையையும் குணமாக்க வரும் கையையும் பிரித்தறியத் தெரியுமா?

கோதன் கடைசிவரை அய்ஸ் செடாயை விரும்பத் தொடங்குவதில்லை. ஜோர்டன் அந்த மலிவான மனமாற்றத்தை அவனுக்குக் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக அவனை ஒரு பரீட்சைக்கு உட்படுத்துகிறார்.

கடல் கடந்து ஷோன்சான் என்னும் பேரரசின் படை வருகிறது. அந்தப் பேரரசும் மாயப் பெண்களுக்கு அஞ்சுகிறது. ஆனால் அது ஓடுவதில்லை. அவர்களின் கழுத்தில் பட்டி மாட்டிச் சங்கிலியின் மறுமுனையை இன்னொரு பெண்ணின் கையில் கொடுத்துவிடுகிறது. பட்டி மாட்டப்பட்டவள் இனி மனுசி அல்ல. பெயர் மாற்றப்பட்டு, நாய்க்குட்டிபோலப் பழக்கப்பட்டு, போர்க்கருவியாகிறாள். கோதன் தங்கியிருந்த நகரம் அவர்களிடம் வீழ்ந்தபோது, டெஸ்லின் என்ற அய்ஸ் செடாய் அப்படிப் பிடிபட்டுக் கிடக்கிறாள். தன்னைத் தப்புவிக்கும்படி அவள் கேட்கிறாள். எந்த இனத்தவரை வாழ்நாள் முழுக்கச் சபித்தானோ அந்த இனத்தவள்.

அவன் உயிரைப் பணயம் வைத்து அவளை மீட்கிறான். அவளோடு வேறு அய்ஸ் செடாயையும் சேர்த்து நகரிலிருந்து கடத்திக்கொண்டு போகிறான். வழி நெடுகச் சண்டை, முணுமுணுப்பு. ஆனாலும் அவர்களைக் கைவிடவில்லை.

ஒருவரை நம்பாமல் இருக்க நமக்கு உரிமை உண்டு. அவர் கழுத்தில் பட்டி மாட்ட உரிமை இல்லை. படித்த பெண்ணைக் கண்டு அஞ்சும் சமூகங்கள் எல்லாம் இந்த இரண்டில் ஏதோ ஒன்றைத்தான் செய்கின்றன. முதலாவதைச் செய்பவர்களோடு பேசலாம். இரண்டாவதைச் செய்பவர்களை எதிர்த்தே ஆகவேண்டும்.

இந்தக் கதையில் இன்னொரு இரகசியமும் உண்டு. சங்கிலியின் மறுமுனையைப் பிடித்திருக்கும் பெண்களும் பயின்றால் அதே சக்தியைக் கையாளக் கூடியவர்கள்தான். அதனால்தான் அவர்களால் அந்தச் சங்கிலியை இயக்க முடிகிறது. அவர்களுக்கே அது தெரியாது. தெரிந்தால் பேரரசே ஆட்டம் காணும். பின்னாளில் கோதன் மணமுடிக்கும் அரசகுமாரி டுவோனும் அவர்களுள் ஒருத்தி. ஒரு பெண்ணை அடக்க இன்னொரு பெண்ணையே நிறுத்தும் ஏற்பாடு நமக்கு அந்நியமானதல்ல. மேலே படிக்கப்போன மகளை ‘இவ்வளவு போதும்’ என்று நிறுத்திய குரல், பல வீடுகளில் தானும் படிக்க ஆசைப்பட்ட ஒரு பெண்ணின் குரலாகவே இருந்திருக்கிறது.

ஜோர்டனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி முடிக்கலாம். அவர் இதய அமிலோய்டோசிஸ் நோயினால் 2007 செப்டெம்பர் 16இல் காலமானார். பழுதடைந்த புரதம் இதயச் சுவரில் படிந்து, சுவர் இறுகி, இதயம் விரிய முடியாமற் போகும் நோய் அது. 2006இல் தம் நோயின் பெயரை அவரே வாசகர்களுக்கு வெளிப்படையாக அறிவித்தார். உண்மை தெரிந்திருந்ததால் ஆயத்தம் செய்ய முடிந்தது. கதையின் முடிவுக்கான குறிப்புகளை எழுதியும் சொல்லியும் வைத்தார். அவருடைய மனைவியும் பதிப்பாசிரியருமான ஹரியட் மக்டூகல், பிரண்டன் சாண்டர்சன் என்ற எழுத்தாளரைத் தெரிவு செய்தார். அவர் எஞ்சிய பாகங்களை முடித்தார். மறைக்காமற் சொல்லப்பட்ட ஓர் உண்மை ஒரு நோயாளிக்கு என்ன கொடுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

இந்தக் கல்லூரி நூறு ஆண்டுகளாகப் பிள்ளைகளின் கையில் ஒரு சக்தியைக் கொடுத்து அனுப்பி வருகிறது. இன்று நம்மில் சட்டத்தரணிகள், கணக்காளர்கள், பொறியியலாளர்கள், ஆசிரியர்கள், தாதியர், வைத்தியர் இருக்கிறோம். நம் எதிரே வந்து அமர்பவருக்கு நாம் எழுதுவது விளங்காது, நாம் பேசும் சொற்கள் பிடிபடாது. அவர் கண்ணில் நாமும் கோபுரத்திலிருந்து இறங்கி வந்தவர்கள்தான். அவர் அஞ்சினால் கோபிக்க வேண்டாம். பட்டத்தையும் சத்தியப்பிரமாணத்தையும் சுவரில் மாட்டி வைத்தால் நம்பிக்கை வந்துவிடாது. கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்து, என்ன செய்யப்போகிறோம், ஏன் செய்கிறோம், அதனால் என்ன வரலாம் என்று அவருடைய தமிழில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு, “செய்யட்டோ?” என்று கேட்க வேண்டும். ‘வேண்டாம்’ என்று சொல்லவும் அவருக்கு இடம் விட வேண்டும்.

அப்படிச் செய்தாலும் சில கோதன்கள் நம்மை நம்பாமலேயே சுகமாகி வீட்டுக்குப் போவார்கள். போகட்டும். சுகமாகிப் போனாரே, அது போதும்.

நமது கல்லூரி இன்னும் பல நூற்றாண்டுகள் பிள்ளைகளின் கையில் அறிவையும், அதைப் பணிவோடு பயன்படுத்தும் மனதையும் கொடுக்க வாழ்த்தி விடைபெறுகிறோம்.