இறாலுக்கு ஏன் தடுப்பூசி இல்லை?

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



இராமநாதபுரம் கடலோரப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுக்கு இறால் பண்ணை புதிதல்ல. பண்ணைக்காரர்கள் அஞ்சும் பெயர் வெண்புள்ளி நோய். 1994 முதல் இந்தியப் பண்ணைகளை வாட்டிவரும் வைரஸ் நோய் இது. குளத்தில் புகுந்தால் 3 முதல் 10 நாள்களுக்குள் இறால் முழுவதும் மடிந்துவிடக்கூடும்; போட்ட முதலும் போய்விடும். "கோழிக்குத் தடுப்பூசி போடுகிறார்களே, இறாலுக்கு ஏன் போடுவதில்லை?" என்று ஒரு மாணவி கேட்டால் என்ன சொல்வோம்?

நோய் எதிர்ப்பு என்றதும் எதிர்ப்பொருளைத்தான் கற்பிக்கிறோம். தடுப்பூசி பெரிதும் அதை நம்பியே செயல்படுகிறது. இறாலின் உடலில் எதிர்ப்பொருள் உருவாவதில்லை. அப்படியானால் அதற்குக் காவல் எது? செல்லேதான்.

வைரஸ் பெருகும்போது நீண்ட இரட்டை இழை ஆர்.என்.ஏ. தோன்றுகிறது. நலமான செல்லில் அது அரிது. ஆகவே அதைக் கண்டதும் செல் விழித்துக்கொள்கிறது. டைசர் என்னும் நொதி அதைச் சுமார் 22 எழுத்துள்ள துண்டுகளாக நறுக்குகிறது. ஆர்கோநாட் என்னும் புரதம் அத்துண்டை அடையாளச் சீட்டாக வைத்துக்கொண்டு, பொருந்துகிற வைரஸ் ஆர்.என்.ஏ.வை வெட்டுகிறது. வைரஸின் புரதம் உருவாவது தடைபடுகிறது. ஆர்.என்.ஏ. குறுக்கீடு எனப்படும் இம்முறையை 1998-இல் ஓர் உருளைப்புழுவில் விளக்கிய ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ இருவரும் 2006-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

நம் செல்களும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைக் கண்டு விழிக்கின்றன. ஆனால் அவை முதன்மையாக இன்டர்ஃபெரானைச் சுரந்து அண்டைச் செல்களை எச்சரிக்கின்றன. ஐசக்ஸ், லிண்டன்மன் இருவரும் 1957-இல் கண்டறிந்த புரதம் அது. எதிர்ப்பொருள் உருவாகப் பல நாள்கள் ஆகும். இந்தக் காவல் சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது.

பிறகு இறால் ஏன் மடிகிறது? வைரஸும் சும்மா இருப்பதில்லை. தொற்றிய செல் தன்னையே அழித்துக்கொண்டு பரவலைத் தடுக்கப் பார்க்கும். வெண்புள்ளி வைரஸிடம் அதை முறியடிக்கும் புரதங்கள் உண்டு. ஆய்வகத்தில் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை ஊசி வழியே செலுத்தி இறாலைக் காத்திருக்கிறார்கள். ஆனால் குளத்திலுள்ள இலட்சக்கணக்கான இறால்களுக்கு ஒவ்வொன்றாக ஊசி போட முடியுமா? ஆகவேதான் பி.சி.ஆர். சோதனை செய்த குஞ்சுகளை விடுவதும், நண்டு நுழையாமல் வேலி கட்டுவதும், நீரைச் சுத்திகரித்து விடுவதும் பண்ணையின் காவலாகின்றன. ஆன்டிபயாட்டிக் மருந்து வைரஸிடம் பலிக்காது.

இதை வகுப்பில் காட்ட இரண்டு காகிதப் பட்டைகள் போதும். ஒன்றில் கார எழுத்து வரிசையையும் மற்றதில் அதன் இணை வரிசையையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு பட்டையில் சிறு துண்டை நறுக்கி, மற்றதில் அது பொருந்தும் இடத்தைத் தேடி அங்கே வெட்டச் சொல்லுங்கள். ஆர்கோநாட்டின் வேலை கைக்கே புரிந்துவிடும். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய், குஞ்சுகளைச் சோதித்தார்களா என்று தந்தையிடம் கேட்டால், பாடம் குளக்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள்.