வீட்டுத் தோட்டம் தரும் இன்பம்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில், முன்னாள் மாணவியும் ஓய்வு பெற்ற ஆசிரியையுமான சிறப்பு விருந்தினர் ஆற்றிய உரை)



வீட்டில் காய்கறி பயிரிடுவதைப் பற்றிப் பேசுங்கள் என்று தலைமையாசிரியர் கேட்டபோது, "பரிசளிப்பு விழாவில் கத்தரிக்காயைப் பற்றிப் பேசுவதா?" என்று முதலில் தயங்கினேன். இன்று காலை பள்ளி வாசலில் நுழைந்தபோது தயக்கம் போய்விட்டது. அங்கே ஒரு தாயார் தம் மகனைக் கண்டித்துக்கொண்டிருந்தார். "ஒழுங்காப் படிக்கலைன்னா மண்வெட்டியத் தூக்கிட்டு மண்ணத்தான் கொத்தணும், பார்த்துக்க!" என்றார். அந்த அம்மாவை நான் குறை சொல்லவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன்னால் என் தகப்பனாரும் என்னிடம் இதையேதான் சொன்னார். ஆனாலும், மண்ணைக் காட்டிப் பிள்ளையைப் பயமுறுத்தலாமா என்று இந்த வயதில் எனக்குத் தோன்றுகிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நான் பிறந்தது ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். அம்மா பால்மரம் வெட்டியவர். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு, இருட்டிலேயே பிரட்டுக்குப் போவார். மரம் வெட்டி, பாலை எடுத்து, நிறுத்து ஊற்றிவிட்டு வீடு வந்து சேர மதியம் ஆகிவிடும். குளித்து, சாப்பிட்டு, சிறிது நேரம் தலை சாய்ப்பார். நான்கு மணி ஆனதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு லயத்துக்குப் பின்னால் போய்விடுவார். அங்கேதான் எங்கள் தோட்டம் இருந்தது.

துரையின் தோட்டம் ஆயிரக்கணக்கான ஏக்கர். அம்மாவின் தோட்டம் பாய் விரித்த மாதிரி ஐந்தாறு பாத்தி. அந்த ஐந்தாறு பாத்தியில் என்னதான் இல்லை! வெண்டை, கத்தரி, மிளகாய், பயற்றங்காய், பாயாம் கீரை. வேலியோரம் மரவள்ளி. மூலையில் முருங்கையும் கருவேப்பிலையும். பழைய கம்பியில் அப்பா போட்ட பந்தலில் பாகலும் புடலையும். புடலங்காய் சுருண்டு போகாமல் நேராக வளர்வதற்கு அதன் நுனியில் ஒரு சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுவார் அப்பா. நானும் தம்பியும் தினமும் அதன் பக்கத்தில் நின்று, யார் உயரம் என்று அளந்து பார்ப்போம். ஒவ்வொரு முறையும் புடலங்காய்தான் வெல்லும்.

ரப்பர் தோட்டத்தில் மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. மரம் வெட்டாவிட்டால் கூலி குறையும். மழை நாளில் லயத்தில் எல்லார் முகமும் இருண்டிருக்கும். அம்மா மட்டும் பின்வாசலில் நின்று, "நம்ம கத்தரிக்கு நல்லதுதான், பெய்யட்டும்" என்பார். கூலியைக் குறைத்த அதே மழைதான் எங்கள் குழம்புக்குக் காய் கொடுத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக் கணக்கு எப்போதும் கடைக்காரரின் பற்றுப் புத்தகத்தில்தான் இருந்தது. அரிசி கடன், மிளகு சீரகம் கடன், கருவாடு கடன். சம்பள நாளில் கொடுத்து முடித்தால், மறுநாளே புதுக்கணக்கு ஆரம்பம். கடைக்கு முன்னால் அம்மா எப்போதும் கை நீட்டி வாங்குகிறவர். ஆனால் சாயங்காலம் ஆனால் அதே கை கொடுக்கிற கையாகிவிடும். "இந்தாக்கா, ரெண்டு முருங்கைக்காய்." "இந்தா தங்கச்சி, புள்ளத்தாச்சிக்கு இந்தக் கீரையக் கடைஞ்சு குடு." பக்கத்து லயத்துக்குப் போகும், பிரசவித்த வீட்டுக்குப் போகும், துக்க வீட்டுக்கும் போகும். நாள் முழுவதும் பிறர் மரத்தில் உழைத்த ஒருத்திக்கு, 'இது என்னுடையது, எடுத்துக்கொள்' என்று சொல்லும்படி இருந்தது அந்தக் காய்கறி ஒன்றுதான். காசு மிச்சம் என்பதைவிட இதுதான் பெரிய இன்பம் என்று எனக்கு வெகு காலம் கழித்துத்தான் விளங்கியது.

ஏன் அப்போதே விளங்கவில்லை? வெட்கம்! சனிக்கிழமை காலையில் கீரைக் கட்டுகளைத் தட்டில் அடுக்கி, கிராணிமார் வீட்டுப் பக்கம் விற்று வரும்படி அம்மா என்னை அனுப்புவார். ஒரு கட்டு ஐந்து காசு. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. ஒரு நாள், என்னோடு படித்த பெண் எதிரே வருவதைப் பார்த்துவிட்டேன். தட்டோடு கால்வாய்க்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டேன். கீரை எல்லாம் சேறாகிவிட்டது. வீட்டுக்கு வந்து, விழுந்துவிட்டதாகப் பொய் சொன்னேன். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அடிக்கவில்லை. சேற்றுக் கீரையை ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டே, "இந்தக் காசுலதான்மா உனக்கு சிலேட்டு வாங்கினேன்" என்றார். அவ்வளவுதான். பிள்ளைகளே, இன்று இந்த மேடையில் நான் மாலையோடு நிற்கிறேன் என்றால், அந்த ஐந்து காசுக் கீரையும் இதில் சேர்த்திதான்.

அம்மாவுக்கு மண்ணின் மேல் அப்படி ஒரு பிடிப்பு வந்ததற்குக் காரணம் இருந்தது. ஜப்பான்காரன் ஆண்ட 1942 முதல் 1945 வரை அம்மா சிறு பெண். பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி வரத்துக் குறைந்து, கிடைப்பதே அரிதாகிவிட்டது. என் தாத்தாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டு போனார்கள். அவர் திரும்பவே இல்லை. பாட்டி மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு மரவள்ளியை நட்டார். காலையிலும் கிழங்கு, இரவிலும் கிழங்கு, நடுவில் கிடைத்தால் கீரை. "அரிசி கப்பல்ல வரணும். கிழங்கு காலடியில வரும்" என்று பாட்டி சொல்வாராம்.

இந்த நிலத்தைத் தோட்ட நிர்வாகம் இரக்கப்பட்டுக் கொடுத்தது என்று நினைக்காதீர்கள். பிரிட்டிஷ்காரர்கள் காலத்தில், 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்திலேயே, குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளிக்கு ஓர் ஏக்கரில் 16இல் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்று விதி இருந்தது. அது ஏறக்குறைய 2,700 சதுர அடி. நான் இப்போது குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டைப் போல நான்கு மடங்கு! அது எல்லாருக்கும் முழுதாகக் கிடைத்ததா என்பது வேறு கதை. எங்களுக்குக் கிடைத்தது ஐந்தாறு பாத்திதான்.

பிறகு 1974இல், அப்போதைய பிரதமர் துன் அப்துல் ரசாக் பசுமைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கினார். வீட்டைச் சுற்றிக் கிடக்கும் நிலத்தில் காய்கறி போடுங்கள் என்று நாடு முழுவதும் சொன்னார்கள். வானொலியில் கேட்ட அம்மா சிரித்துவிட்டு, "இதுக்கு ஒரு புத்தகமா? நம்ம லயத்துக்கு வந்து பார்த்தா போதாதா?" என்றார்.

1990களில் எங்கள் தோட்டம் கைமாறியது. வீடமைப்புக்காக மரங்களைச் சாய்த்தார்கள். லயமும் போனது, பாத்தியும் போனது. நாங்கள் நான்காவது மாடிக்கு வந்தோம். குழாய்த் தண்ணீர், விளக்கு, சிமெண்டுத் தரை என்று எல்லா வசதியும் இருந்தது. ஆனால் அம்மா வாடிப் போனார். சாயங்காலம் நான்கு மணி ஆனதும் எழுந்து நிற்பார். எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்துவிடுவார். சாப்பாடு குறைந்தது, பேச்சும் குறைந்தது. மருத்துவர் பார்த்துவிட்டு, உடம்பில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

ஒரு நாள் தம்பி, வேலை செய்யும் இடத்திலிருந்து காலியான பெயிண்டு வாளி இரண்டைக் கழுவிக் கொண்டு வந்தான். அடியில் ஆணியால் துளை போட்டு, மண் நிரப்பி, அம்மா முன்னால் வைத்தான். அம்மா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்ப் புடவைப் பெட்டியைத் திறந்து, ஒரு துணி முடிச்சை எடுத்து வந்தார். அதற்குள் வெண்டை விதை, மிளகாய் விதை, பயறு விதை! லயத்தை விட்டு வரும்போது பாத்திரம் பண்டத்தோடு அதையும் முடிந்து கொண்டு வந்திருக்கிறார். விதைத்த நான்காம் நாள் வெண்டை முளை தலை தூக்கியது. அன்றைக்கு அம்மா இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இனி, எப்படிச் செய்வது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். வாளியோ பழைய தொட்டியோ எதுவானாலும் சரி, அடியில் துளை இருக்கட்டும். நம் நாட்டுச் செம்மண் இறுகிப் போகும். அதனால் இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மட்கிய சாணமோ கோழி எருவோ கலந்து, சிறிது மணலும் சேருங்கள். எரு நன்றாக மட்கியிருக்க வேண்டும். பச்சை எரு வேரைச் சுட்டுவிடும். தமிழ்நாட்டில் ஆடிப்பட்டம் பார்த்து விதைப்பார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. வெயிலும் மழையும் ஆண்டு முழுவதும் உண்டு. அடைமழையில் மட்டும் நாற்றைக் கூரைக்குக் கீழே இழுத்து வைத்தால் போதும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கீரையில் தொடங்குங்கள். பாயாமும் கங்கோங்கும் 25 முதல் 30 நாளில் சட்டிக்கு வந்துவிடும். வெண்டை 45 முதல் 50 நாளில் காய்க்கும். பூத்த நாலைந்து நாளில் பறித்துவிட வேண்டும். நுனியை ஒடித்தால் 'டக்' என்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றல். மிளகாய்க்கு மூன்று மாதப் பொறுமை வேண்டும். பிறகு பல மாதம் உங்களை அது கவனித்துக்கொள்ளும். அரிசி கழுவிய தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுங்கள். அசுவினி வந்தால் சவர்க்காரத் தண்ணீரை மெல்லத் தெளித்துக் கழுவிவிடுங்கள்.

மாடியில் இருப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். ஒரு வாரம் போதும், ஏடிஸ் கொசு அதில் குடும்பம் நடத்திவிடும். தொட்டியைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைக்காதீர்கள், நடைபாதையையும் அடைக்காதீர்கள். கீழே போகிறவர் தலையும் நமக்கு முக்கியம்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வேலை. பாகல் கொடியில் இரண்டு வகைப் பூ உண்டு. எந்தப் பூவின் பின்னால் குட்டிப் பாகற்காய் இருக்கிறதோ அது பெண் பூ. மாடிக்குத் தேனீ அதிகம் வராது. அதனால் காலையில் ஆண் பூவைப் பறித்து, அதன் மகரந்தத்தைப் பெண் பூவில் மெல்லத் தொட்டு வைக்க வேண்டும். மறுவாரம் அந்தக் குட்டிக்காய் பெருத்திருக்கிறதா என்று பாருங்கள். அறிவியல் பாடம் அங்கேயே முடிந்தது! நான் எத்தனையோ ஆண்டு கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்தது, மாடியில் ஒரு காலைப்பொழுதில் புரிந்துவிடும்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கதவை அடைத்துக்கொண்டு ஒருவர் முகம் ஒருவர் பாராமல் இருந்தோம். அப்போது அம்மா இல்லை. அவர் விதையில் வந்த மிளகாய்ச் செடி இருந்தது. ஒரு சிறு பையில் கைப்பிடி மிளகாயும் கருவேப்பிலையும் போட்டு, எதிர்வீட்டு மலாய்க்கார அம்மையார் கதவில் மாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் என் கதவில் ஒரு பை தொங்கியது. உள்ளே கங்கோங் கீரை! அவரும் பின்னால் வாளி வைத்திருந்தது அன்றுதான் எனக்குத் தெரியும். இத்தனை ஆண்டு மாடிப்படியில் சிரித்துவிட்டுப் போனவர்கள், அன்றிலிருந்துதான் அக்கம்பக்கம் ஆனோம்.

பெற்றோர்களே, பிள்ளைகளைப் படிக்க வையுங்கள். அதில் மாற்றுக் கருத்தே இல்லை. நம் பிள்ளைகள் மருத்துவராக வேண்டும், பொறியாளராக வேண்டும். ஆனால் "படிக்காவிட்டால் மண்ணைக் கொத்தணும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பிறருக்காக ஏமாந்து உழைப்பதுதான் நமக்கு வேண்டாம். மண்ணைத் தொடுவது தண்டனை அல்ல. "படி, சாயங்காலம் வந்து கத்தரிக்குத் தண்ணி ஊத்து" என்று சொல்லுங்கள். இரண்டும் ஒரே பிள்ளையால் முடியும். இன்றும் தோட்டத்தில் இருக்கும் தாய்மார்களே, உங்கள் வீட்டுப் பின்னால் ஒரு முழம் மண் இருந்தாலும் அதைச் சும்மா விடாதீர்கள். இடம் மாறிப் போக நேர்ந்தால், விதையை முடிந்து எடுத்துக்கொண்டு போங்கள்.

பிள்ளைகளே, தலைமையாசிரியர் அனுமதியோடு உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு பொட்டலம் கொண்டு வந்திருக்கிறேன். பரிசு வாங்குகிறவர்களுக்கும் உண்டு, வாங்காதவர்களுக்கும் உண்டு. அதில் ஐந்து வெண்டை விதை இருக்கிறது. அம்மா முடிந்து வந்த விதையின் வழியில் வந்தது. முதல் காயை நீங்கள் சாப்பிடுங்கள். இரண்டாவது காயை அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். ஒரு காயை மட்டும் பறிக்காமல் செடியிலேயே முற்ற விட்டு, விதை எடுத்து வையுங்கள். அடுத்த ஆண்டு பரிசளிப்பு விழாவுக்கு, அழைத்தாலும் அழைக்காவிட்டாலும், நான் வருவேன். உங்கள் சான்றிதழைப் பார்ப்பேன், கூடவே உங்கள் கையையும் பார்ப்பேன். நகத்தில் கொஞ்சம் மண் இருந்தால் மிகவும் மகிழ்ச்சி அடைவேன்.